புகை குடியிருந்த வீடு

மிஷின் போட்டாச்சு. டர்ர்ருன்னு சத்தம் ஆரம்பிச்சிருச்சு, இனி அந்தச் சின்னக் கப்புல இருக்கிற மருந்து தீர்ற வரைக்கும் இந்த ஸ்டூலை விட்டு நகர முடியாது. ஆதிரை என் மடியில. மூஞ்சில பச்சைக் கலர் மாஸ்க், மாஸ்க்கோட ரெண்டு பக்க ஓட்டையிலேர்ந்தும் புகை மாதிரி மருந்து வருது. புகைன்னு சொல்லாதடி மங்கை, ஆவின்னு சொல்லு. முதல் தடவை வெச்சப்ப அலறி ஊரைக் கூட்டினா, சிஸ்டர் கையைக் கடிச்சா. இப்ப பழகிப்போச்சு. ஜெசிந்தா சிஸ்டர் மாஸ்க்கை எடுத்ததும் தானே மூஞ்சியக் காட்டுறா. மூணு வயசுப் பிள்ளைக்கு எது எதெல்லாம் பழகணும். அன்னிக்கு அவ அழுதப்பகூட எனக்கு அழுகை வரல, இன்னிக்கு அவ மூஞ்சியக் காட்டினதும் வந்துருச்சு. என் கை அவ முதுகுல இருக்கு. மூச்சு இழுக்கறப்ப விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ள போகுது, விடுறப்ப வீய்ங்குன்னு ஒரு சத்தம், டாக்டர் பானுரேகா காதுல குழாய மாட்டிக் கேட்டாங்க, எனக்கு அது உள்ளங்கையிலேயே கேக்குது. தை மாசம் வீடு மாறினதிலேர்ந்து இதே கதைதான். இழுப்பு வருது, இங்க ஓடி வர்றோம், இந்த மிஷின், மருந்து, வீட்டுக்குப் போறோம், மறுபடியும் வருது. இன்னிக்கு டாக்டர் சிரிக்கல. "இன்னொரு தடவை இப்படி வந்தா அட்மிட் பண்ணித்தான் ஆகணும் மங்கை. அதுக்கப்புறம் தெனம் ஸ்ப்ரே, வருஷக்கணக்குல. மருந்து முடியற வரைக்கும் உக்காந்து நல்லா யோசிங்க. வீட்டுல இவளுக்கு ஆகாதது என்னமோ ஒண்ணு இருக்கு. நாயா, பூனையா, கொசுவத்தியா. யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?" "இல்ல டாக்டர்." பட்டுனு சொல்லிட்டேன். பொய்யில்லையே. என் வீட்டுக்காரர் தாமோதரனுக்கு டீக்கடை வாசல்ல நின்னாலே தும்மல் வரும். "யோசிங்க"ன்னு மறுபடியும் சொல்லிட்டு அடுத்த பிள்ளையக் கூப்பிட்டாங்க.

என்னத்த யோசிக்கிறது. யோசின்னு சொன்னா உடனே யோசனை வந்துருமா. எதிர்ச் சுவத்துல மீன் படம் வரைஞ்சிருக்காங்க, ஆரஞ்சு மீன், நீல மீன், ஒரு ஆக்டோபஸ், ஆக்டோபஸுக்குக் கால் குறையுது, வரைஞ்சவனுக்கு அவசரம் போல. பேச்ச மாத்தாத மங்கை. உனக்குத் தெரியும். நாங்க உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு குடும்பம் இருந்துச்சு, கதவு சரியாச் சாத்தல, டாக்டர் போட்ட சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டுச்சு. "மொட்டமாடியில போய்ப் பிடிச்சா போதும்னு உங்களுக்கு யார் சொன்னது? பிடிச்சுட்டு அதே சட்டையோட வந்து பிள்ளையத் தூக்குறீங்க. கண்ணுக்குத் தெரியிற புகைதான் போகும். அதுல இருக்கிறது சட்டையில ஒட்டும், தலைமுடியில ஒட்டும், திரைச்சீலை, மெத்தை, சுவரு, எல்லாத்துலயும் ஒட்டிக்கும். மாசக்கணக்குல அங்கேயே இருந்துக்கிட்டு கொஞ்சங்கொஞ்சமா வெளிய விடும். தரையில விளையாடுற பிள்ளை, கையக் கழுவாம வாயில வைக்கிற பிள்ளை, அதுங்களுக்குத்தான் முதல் அடி. வாசனை அடிக்குதுன்னா அது இன்னும் இருக்குன்னு அர்த்தம்." உள்ளேர்ந்து அந்தாளு என்னமோ முனகினார். வராண்டாவுல இருந்த மத்த அம்மாங்கள்லாம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க, நல்லா வேணும்ங்கிற மாதிரி. நானும் அவங்களோட சேர்ந்து உதட்டப் பிதுக்கினேன். பிதுக்கிட்டு இருக்கறப்பவே டாக்டர் சொன்ன கடைசிப் பேச்சு திரும்ப வந்துச்சு. வாசனை அடிக்குதுன்னா. தை மாசத்திலேர்ந்து நான் அந்த வாசனையோடதானே குடும்பம் நடத்துறேன்.

வீடு பாத்தது மார்கழிக் கடைசி. மார்கழியில பாத்து வெச்சுட்டு தை பொறந்ததும் பால் காய்ச்சிறலாம்னு அலைஞ்சோம். மடிப்பாக்கத்துல அதே தெருவுல ரெண்டு வீடு. முதல் வீடு புதுசு, லிஃப்ட் இருந்துச்சு, ரெண்டு பக்கமும் ஜன்னல், ஹால்ல நின்னா முடி பறந்துச்சு. அவருக்கு அதுதான் பிடிச்சுது. சும்மா இன்னொண்ணையும் பாத்துருவோம்னு புரோக்கர் இப்ப இருக்கிற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். முதல் மாடி, பழைய பில்டிங், ஜன்னலத் திறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு. புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தாங்க, அந்த நெடி கண்ணைக் கரிச்சுது, போதும் போலாம்னு அவர் செருப்ப மாட்டப் போயிட்டார். நான் படுக்கையறைச் சுவத்து அலமாரியச் சும்மா திறந்து பாத்தேன். உள்ளேர்ந்து அப்பா வந்தார். வேற எப்படிச் சொல்றது. பெயிண்ட் நெடியத் தாண்டி, அடியில, பழசா, சூடா, கொஞ்சம் புளிச்ச மாதிரி. கால் நகரல. உள்ள தலைய விட்டு இன்னொரு தடவை இழுத்தேன், பைத்தியக்காரி மாதிரி. முன்ன இருந்தவர் பேங்க்லேர்ந்து ரிட்டயர் ஆனவராம், தனி ஆளாம், மக வீட்டுக்கு ஓசூருக்குப் போயிட்டாராம். அவரோட துணி சோபா ஒண்ணு ஹால்ல கிடந்துச்சு. "வேணாம்னா தூக்கிப் போட்டுறலாம்மா"ன்னார் ஓனர். "இருக்கட்டும் சார்." வாய் என் பேச்சைக் கேக்காம முந்திக்கிச்சு. செருப்ப மாட்டப் போன என் வீட்டுக்காரர் கதவுகிட்டேர்ந்து திரும்பிப் பாத்தார். "லிஃப்ட் இல்ல, காத்து இல்ல, இதுல என்னத்தக் கண்ட?" "சோபா சட்டமெல்லாம் தேக்குங்க, இந்தக் காலத்துல இப்படி எங்க கிடைக்குது." வாயில வந்ததச் சொல்லி வெச்சேன். "சோபாவுக்காகவா வீடு எடுப்பாங்க?" "மனசுக்கு ஒத்துக்குதுங்க." அவர் நல்லவர். மனசுக்கு ஒத்துக்குதுன்னா விட்டுருவார். குடிவந்ததிலேர்ந்து காலையில எழுந்ததும் தும்முறார், வரிசையா, பல்லு விளக்க முடியாத அளவுக்கு. ஏசியச் சர்வீஸ் பண்ணணும்னு ரெண்டு பேரும் சொல்லிக்கிறோம். எனக்குத் தொண்டை அரிக்குது, சாயங்காலமானா தலை வலிக்குது. சென்னைத் தண்ணி ஒத்துக்கலன்னு நானே எனக்குச் சொல்லிக்கிறேன், இங்க வந்து எத்தனை காலமாச்சு, இப்பப் போய் ஒத்துக்கலயாம்.

ஆதிரை என்னமோ மாஸ்க்குக்குள்ளேர்ந்து சொல்றா. "என்னடா கண்ணு?" "மீனு." ஆமாடா மீனு. அவ தலைய மோந்து பாக்குறேன். பாக்குறேன்னு இல்ல, மூக்கு தானாப் போகுது. ஷாம்பு. அதுக்கு அடியில அது. அவ தலைமுடியிலயே இருக்கு. மத்தியானம் தூங்கறது அந்த சோபாவுலதானே, குப்புறப் படுத்து, குஷனுக்குள்ள மூஞ்சியப் புதைச்சு. பக்கத்துலயே நானும். ரெண்டு பேரும் அப்படியே கண்ணசந்துருவோம், எனக்கு அப்ப நான் வளர்ந்த உறையூர் வீட்டு ஹால் கண்ணுல வரும். அப்பா வைத்தியலிங்கம் மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டர். கரண்ட் போனா முதல்ல எங்க வீட்டு வாசல்லதான் கூட்டம் கூடும். "சார் வீட்லயே இல்லய்யா, நமக்கு எங்கேர்ந்து வரும்"னு சிரிச்சிட்டுக் கலைஞ்சிருவாங்க. சாயங்காலம் விளக்கேத்துற நேரம் பாத்துத்தான் போகும் அப்பல்லாம். மெழுகுவத்தி தேட அப்பா விட மாட்டார். "இரு மங்கை, வரும். நாந்தானே சொல்றேன்." ஈஸிசேர்ல சாஞ்சுக்கிட்டு ஒண்ணு பத்த வைப்பார். தீக்குச்சி வெளிச்சத்துல மூக்கும் மீசையும் ஒரு நிமிஷம் தெரியும், அணைஞ்சிரும், அப்புறம் இருட்டுல ஒரு சிவப்புப் புள்ளி மட்டும். அந்தப் புள்ளியால எழுதுவார். காத்துல, மெதுவா. "என்ன எழுத்து, சொல்லு பாப்போம்." "மனா." "இது?" "ஙனா. இன்னொரு தடவை போடுங்கப்பா, பாக்கல." மறுபடியும் போடுவார். என் பேர்ல இருக்கிற எழுத்தெல்லாம் நான் ஸ்லேட்டுல படிக்கல, அப்பாவோட சிகரெட் நெருப்புலதான் படிச்சேன். மங்கையர்க்கரசின்னு முழுசா எழுதி முடிக்கறதுக்குள்ள சிகரெட் தீர்ந்துரும். இன்னொண்ணு பத்த வைங்கப்பான்னு நான்தான் கேப்பேன். கரண்ட் வந்துட்டா எனக்கு அழுகையா வரும், தெருவே சந்தோஷமாக் கத்தும், எனக்கு மட்டும் அழுகை. அப்படி ஒரு சந்தோஷம் அதுக்கப்புறம் எனக்கு வாய்க்கல, கல்யாணத்துல இல்ல, வேலை கிடைச்சப்ப இல்ல, இவ பொறந்தப்பதான் கிட்டத்தட்ட.

பள்ளிக்கூடத்துல பக்கத்துல உக்காந்திருந்த பிரேமலதா கேட்டா, "உன் யூனிஃபார்ம்ல ஏண்டி டீக்கடை வாசனை அடிக்குது?" நான் வெக்கப்படல. பெருமையா, "எங்கப்பா வாசனை"ன்னேன். அவ வீட்டுல அப்பாவுக்குன்னு ஒரு வாசனை இல்லாதது எனக்குப் பாவமா இருந்துச்சு. அப்பா ஊட்டிவிடுற இட்லில அது இருக்கும், விரல் மஞ்சளா இருக்கும், நகத்தோரம் பழுப்பா. ஹாஸ்டலுக்குப் போனப்ப அவரோட துண்டு ஒண்ணத் திருடிட்டுப் போனேன். எல்லாம் சரி, அவர் போனப்ப என்ன பண்ணினாங்க. ஆதிரை பொறக்கறதுக்கு முந்தின வருஷம், மாரடைப்பு, பேசிக்கிட்டே இருந்தவர் சாஞ்சுட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள சித்தி அவர் பீரோவையே காலி பண்ணி வெச்சிருக்கு. சட்டை, வேட்டி, பெட்ஷீட், போர்வை, எல்லாத்தையும் துணி வெளுக்கிறவரக் கூப்பிட்டுக் குடுத்தாச்சு. "போனவங்க துணிய வீட்டுல வெச்சுக்கக் கூடாதும்மா." ஒரு சட்டையாவது. சித்தி நல்லதுக்குத்தான் பண்ணுச்சு, எங்க ஊர்ல எல்லாரும் பண்றதுதான், ஆனா எனக்கு அன்னிக்குத்தான் அவர் செத்தார். அப்புறம் எங்கெங்கயோ தேடினேன். பஸ்ஸ்டாண்டுல சிகரெட் பிடிக்கிற ஆள் பக்கத்துல போய் நிப்பேன், பெட்டிக்கடை ஓரமா ஒரு பொம்பளை சும்மா நின்னா ஊர் என்ன நினைக்கும், அதப் பத்தியெல்லாம் கவலைப்படல. ஆனா அது அப்பா இல்ல. புதுப்புகை அப்பா இல்ல, சுள்ளுன்னு மூக்குல ஏறி இருமல்தான் வருது. அப்பாங்கிறது பழைய புகை. துணியில இறங்கி, பஞ்சுல ஊறி, வேர்வையோடயும் தேங்காயெண்ணெயோடயும் சேர்ந்து கிடக்கிறது. டாக்டர் என்னடான்னா அதையேதான் விஷம்ங்கிறாங்க. நான் தேடித் திரிஞ்சது எதுவோ அதையே பேர் சொல்லி விஷம்ங்கிறாங்க. எனக்குக் கோவம் வருது, டாக்டர் மேலதான், அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்.

ஜெசிந்தா வந்து கப்பை விரலால தட்டுறா. ஓரத்துல ஒட்டினது கீழ இறங்குது. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. "தூங்கிராத பாப்பா, நல்லா இழு"ன்னு ஆதிரை கன்னத்தக் கிள்ளிட்டு என்னப் பாக்குறா. "அக்கா, வீட்டுல சாம்பிராணி போடுவீங்களா?" "வெள்ளிக்கிழமை தலைக்கு ஊத்திட்டுக் காட்டுவேன். முடி காயறதுக்கு." "அட, அதாங்க்கா. வேற என்ன. எங்கக்கா புள்ளைக்கும் இதேதான். நிறுத்திப் பாருங்க, பட்டுனு நின்னுரும். நானே டாக்டர்கிட்ட சொல்லிடறேன்." "சரி சிஸ்டர்." அப்பாடா. மனசுல ஒரு பாரம் சடார்னு இறங்கின மாதிரி இருந்துச்சு. சாம்பிராணிதான். சாம்பிராணியா இருக்கலாம்ல. இல்லேன்னு யார் சொன்னது, அதுவும் புகைதானே, கண்ணுக்கு எதிர்ல குபுகுபுன்னு வர்ற புகை. சாம்பிராணிய நிறுத்திட்டா வீடு மாத்த வேண்டாம், சோபா போக வேண்டாம், அவர்கிட்ட ஒண்ணும் விளக்கிச் சொல்ல வேண்டாம். மத்தியானத் தூக்கம் எனக்கு மிஞ்சும். நல்லாத்தான் இருக்கு. நல்லாத்தான் இருக்குன்னு நினைக்கறப்பவே எங்கயோ மாட்டுது. இத நான் முன்னாடியே கேட்டிருக்கேன். இதே பேச்சு. சாம்பிராணிய நிறுத்துங்க. யார் சொன்னது, எங்க. உறையூர்ல. ஹால்ல. அப்பாவோட சிநேகிதர் டாக்டர் கிருபாகரன், சாயங்காலம் சீட்டாட வருவார், அப்பாவுக்கு எதிர்ல நாற்காலியப் போட்டு உக்காருவார். அம்மா காப்பி கொண்டு வந்து வெச்சிட்டு இருமுது. அம்மா எப்பவும் இருமும். எங்க வீட்டுல சுவர்க்கடிகாரச் சத்தம் எப்படியோ அப்படித்தான் அம்மா இருமல், யாரும் காது குடுத்துக் கேக்கறதில்ல. அன்னிக்குக் கிருபாகரன் நிமிந்து பாத்தார். "என்ன சௌந்தரம்மா, மாசக்கணக்கா இருமுறீங்களே. செவ்வாய் வெள்ளி சாம்பிராணி போடுறீங்கல்ல? அதான். நிறுத்திருங்க, சரியாயிரும்." சொல்றப்ப அவர் விரல் இடுக்குல சிகரெட். அப்பா விரல் இடுக்குலயும். நடுவுல சாம்பல் கிண்ணம் நிறைஞ்சு கிடக்கு. நான் அப்பா ஈஸிசேர் கைப்பிடியில உக்காந்திருக்கேன். மூணு பேரும் அம்மாவப் பாக்குறோம், ஏதோ அம்மா தப்பு பண்ணின மாதிரி. அம்மா சாம்பிராணி போட்டதே வீடு நாறுதுன்னுதான். வீடு நாறுதுன்னு வாய்விட்டும் சொல்லும், யார் கேட்டோம். அன்னிக்கே தூபக்காலைக் கழுவிக் கவுத்து வெச்சிருச்சு. இருமல் நிக்கல. அப்புறம் கோலம் போடுற பனின்னு சொன்னோம், மிளகாப்பொடின்னு சொன்னோம், சளி உடம்புன்னு சொன்னோம், ஐஸ் தண்ணின்னு சொன்னோம், எங்க வீட்டுல ஃப்ரிட்ஜே அப்ப கிடையாது.

இன்னொண்ணு வருது. வேண்டாம்னு தள்ளுறேன், வருது. அப்பா ஆபீஸ்லேர்ந்து வந்து ஹால்ல உக்காந்ததும் அம்மா கொல்லைக்குப் போயிரும். துவைக்கிற கல் மேல போய் உக்காந்துக்கும், முதுகை எங்களுக்குக் காட்டி, மூஞ்சிய முருங்கை மரத்துப் பக்கம் வெச்சு. மழை பெஞ்சாலும் சாக்க ஒண்ணு தலையில போட்டுக்கிட்டு அங்கதான். "அம்மா, நீயும் வாயேம்மா, அப்பா எழுத்து போடுறார்." "நீங்க பேசிக்கிட்டிருங்க. நான் செத்த காத்தாட இருக்கேன்." எனக்கு அம்மா மேல அவ்வளவு வருத்தம். எங்ககூட உக்காந்தா குறைஞ்சா போகும், இந்த அம்மாவுக்கு ஒரு ரசனையே கிடையாதுன்னு அப்பாகிட்டயே சொல்லியிருக்கேன். அப்பா சிரிச்சார். காத்தாட இருக்கேன். ஆதிரை விலா என் உள்ளங்கைக்குக் கீழ ஏறி இறங்குது, ஏறி இறங்குது, உள்ள போன காத்து வெளிய வர வழி தேடுது. அம்மா அங்க போய் உக்காந்தது எங்கள வேணாம்னு இல்ல. மூச்சு விடறதுக்கு. சாயங்காலமானா அம்மா மூச்சு விடறதுக்காக வீட்ட விட்டு வெளிய போயிருக்கு, நாங்க உள்ள சந்தோஷமா இருந்திருக்கோம். நான் காலேஜ் போன வருஷம் அம்மா படுத்துருச்சு. திருச்சி ஆஸ்பத்திரியில ஒரு சின்ன வயசு டாக்டர் எக்ஸ்ரேயத் தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு, "அம்மா சிகரெட் பிடிப்பாங்களா?"ன்னார். சித்தி முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது. அம்மாகூடச் சிரிச்சுது, மூச்சு வாங்க வாங்க. நானும்தான். அப்பா சிரிக்கல. எழுந்து வெளிய போயிட்டார். அம்மா போனப்புறம் ஒரு லீவுக்கு நான் வீட்டுக்கு வர்றேன், ஈஸிசேர் ஹால்ல இல்ல. அப்பா அதக் கொல்லையில துவைக்கிற கல் பக்கத்துல போட்டு உக்காந்து பிடிக்கிறார். கார்த்திகை மாசம், தூறல், வாடைக் காத்து. "ஏம்ப்பா இங்க உக்காந்திருக்கீங்க?" "உள்ள புழுக்கமா இருக்கும்மா." வீட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. யாருக்காக வெளிய போய்ப் பிடிச்சார், எனக்கு அப்பப் புரியல. அவருக்குத் தெரிஞ்சிருக்கு. பிந்தித் தெரிஞ்சிருக்கு, ஆனா தெரிஞ்சிருக்கு. யார்கிட்டயும் சொல்லல. திட்டணும்னு பாக்குறேன், அப்பாவத் திட்ட எனக்கு வார்த்தையே வரல. பாசம் ஒரு துளி குறைய மாட்டேங்குது, அதுதான் எனக்கு எரிச்சலா இருக்கு. அம்மாவோட வாசனை என்னன்னு யோசிச்சுப் பாக்குறேன். ஒண்ணும் ஞாபகம் வரல. அதையும் அந்தப் புகை மூடிருச்சு போல.

மிஷின் சத்தம் மாறுது, கரகரன்னு, மருந்து தீர்ந்தா அப்படித்தான். ஜெசிந்தா ஓடி வந்து நிறுத்துறா. சட்டுனு எவ்வளவு அமைதி. மாஸ்க் இருந்த இடத்துல ஆதிரை கன்னத்துல கோடு விழுந்திருக்கு, தடவி விடுறேன். டாக்டர் அடுத்த பிள்ளைய முடிச்சிட்டு வந்து முதுகுல குழாய வெச்சுக் கேக்குறாங்க. "இப்பத் தேவலாம். ம்ம், சிஸ்டர் சொன்னாங்க, சாம்பிராணியாமே?" சொல்லிரு. ஆமான்னு சொல்லிரு, தலையாட்டினாப் போதும், வாயத் திறக்கவே வேண்டாம். "சாம்பிராணியும் போடுறேன் டாக்டர். ஆனா அது இல்ல. முந்தின வீட்டுலயும்தான் போட்டேன், அப்ப இவளுக்கு ஒண்ணும் வரல." டாக்டர் குழாயக் காதுலேர்ந்து எடுத்தாங்க. "எங்களுக்கு முன்னாடி இருந்தவர் சிகரெட் பிடிக்கிறவர். வீடு பூரா அந்த வாசனை இருக்கு. அவர் விட்டுட்டுப் போன சோபாவுலதான் இவ தெனம் தூங்குறா." "வீடு பாக்கறப்ப உங்களுக்கு வாசனை தெரியலையா?" "தெரிஞ்சுது டாக்டர். அதுக்காகத்தான் எடுத்தேன்." அவங்களுக்கு ஒண்ணும் விளங்கல, பாக்குறாங்க. நான் எப்படி விளக்குவேன், வெளிய இன்னும் எத்தனை பிள்ளைங்க இருமிக்கிட்டு உக்காந்திருக்கு. "எங்கப்பா பிடிப்பார்"னு மட்டும் சொன்னேன். அவங்க குழாயச் சுருட்டிக் கோட்டுப் பையில போட்டாங்க. அப்புறம் மெதுவா, "சோபா இன்னிக்கே போகணும் மங்கை. திரை, மெத்தை, பழசு எதுன்னாலும். சுவத்துக்கு மேல பெயிண்ட் அடிச்சா வாசனை மறையும், அது போகாது. முடிஞ்சா வீட்டையே மாத்திருங்க. சாம்பிராணியும் வேண்டாம், கோச்சுக்காதீங்க." "இல்ல, சரி டாக்டர்." எழுந்துட்டேன். எழுந்தவ நின்னுட்டேன். "டாக்டர், பிடிக்காதவங்களுக்கே இதனால இருமி இருமி... போயிடற அளவுக்கு ஆகுமா?" "யாரைக் கேக்குறீங்க?" "எங்கம்மா." "அவங்களப் பாக்காம நான் எப்படிச் சொல்றது." மேஜையப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க. "ஆகும் மங்கை. ஆகறது உண்டு."

வராண்டாவுல ஓரமா ஒரு நாற்காலி கிடைச்சுது. ஆதிரை பசிக்குதுங்கிறா, பசின்னு கேட்டாலே எனக்குப் பாதி உசுரு வந்துருது. போனை எடுத்தேன். அவர் சிலிண்டர் வரும்னு வீட்டுலயே இருக்கார். ரெண்டாவது ரிங்லயே எடுத்துட்டார், கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பார் போல. "என்ன சொன்னாங்க, மூச்சு எப்படி இருக்கு?" "தேவலாங்க. இட்லி கேக்குறா. நான் இவளத் தூக்கிட்டு நேரா உங்க தங்கச்சி வீட்டுக்குப் போறேன், நாலு நாள் அங்க இருக்கட்டும்." "ஏன், இங்க என்ன?" "அந்த வீடு இவளுக்கு ஆகலீங்க. முன்ன இருந்தவர் பிடிச்ச சிகரெட்டு, சுவரெல்லாம் இருக்காம். எனக்கு முன்னாடியே தெரியும். மீதிய நேர்ல சொல்றேன், திட்டணும்னா அப்பத் திட்டுங்க. இப்ப ஒண்ணு பண்ணுங்க, கீழ செக்யூரிட்டியக் கூப்பிட்டு அந்த சோபாவ வெளிய எடுத்துப் போட்டுருங்க. யாராவது ஆசைப்பட்டுக் கேட்டாலும் குடுத்துராதீங்க, உடைச்சுப் போடச் சொல்லுங்க." அவர் ஒரு தும்மல் போட்டார். "தேக்குன்னு சொன்னியே மங்கை." "தேக்கில்லீங்க." "சரி. நீ சாயங்காலம் துணி எடுக்க வருவல்ல, அப்ப ரெண்டு பேருமாத் தூக்கிக்கலாம், எனக்கும் கைக்கு ஆள் ஆச்சு." ஆதிரை என் தோள்ல சாஞ்சுக்கிட்டு மூச்சு விடுறா, கழுத்துல சூடா படுது, சத்தம் இல்லாம. "இல்லீங்க," சொல்றேன். "நான் வர்றதுக்கு முன்னாடி போட்டுருங்க. நான் அங்க இருந்தா போட விட மாட்டேன்."